ஆண்டவரும் நகராத சப்பரமும்

அவரை நினைத்தால் முதலில் அந்தச் செங்கோல்தான் கண்முன் வருகிறது. மேற்றிராணியார்கள், அதாவது பிஷப்புகள், கையில் பிடித்திருக்கும் செங்கோலைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தலைப்பகுதி வளைந்து, பளபளவென்று, பார்த்ததும் கும்பிடத் தோன்றும். எங்கள் ஆண்டவருடையது மூன்று துண்டுகளாகக் கழற்றி, பேட்மிண்டன் மட்டைக்குத் தைத்த உறை போன்ற ஒரு காக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பயணச் செங்கோல். துண்டுகளை ஒன்றோடொன்று திருகிப் பூட்ட வேண்டும். நடுத்துண்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. பூசை நடுவே அதை ஊன்றியபடி அவர் சற்றுத் திரும்பினால் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி இன்னொரு பக்கமும் போகும். ஒருமுறை வளைந்த தலைப்பகுதி மட்டும் கழன்று, மரியாதைக்காக அழைக்கப்பட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாசில்தாரின் மடியில் விழுந்தது. அவர் இது ஏதோ சடங்கின் பகுதி என்று நினைத்து, இரண்டு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆண்டவருக்கு அதற்குமேல் பூசையை ஒழுங்காக முடிக்க முடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற அவருடைய தோள்கள் குலுங்கியதை, பக்தியில் அழுகிறார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கத்தோலிக்கர்கள் மேற்றிராணியாரை ஆண்டவர் என்றுதான் அழைப்பார்கள். எனக்கு அது நாக்கில் பழகச் சில நாளானது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆண்டாள் கோவில் தேரடியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். எண்பதுகளின் நடுவில், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, மாதா கோவில் பங்களாவில் ஓய்வுபெற்ற ஆண்டவர் ஒருவர் தங்கியிருப்பதாகவும், இறையியல் புத்தகம் ஒன்று எழுதுவதற்கு டைப் அடிக்க ஆள் தேடுவதாகவும் கேள்விப்பட்டேன். விஷயம் தெரிந்ததும் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். “ஏட்டி, ஊர்ல வேற வேலையே கெடைக்கலையா? பெருமாள் கோவில் வாசல்ல பொறந்துட்டு பாதிரியார் பங்களாவுல போய் டைப் அடிக்கப் போறியாக்கும்?” என்றாள். கூடவே வந்திருந்த அப்பா, “அவிய என்ன மதத்தையா டைப் அடிக்கச் சொல்லப் போறாவ?” என்று எனக்காகப் பரிந்து பேசினார். மதத்தைத்தான் அடிக்கச் சொல்லப் போகிறார்கள் என்பதை நான் அவர்களிடம் விளக்கப் போகவில்லை.

ஆண்டவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “உனக்கு எங்க வேதம் ஏதாவது தெரியுமா, தாயி?” என்பது. தெரியாது என்றேன், வேலை போச்சு என்ற நினைப்போடு. “ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க ரெண்டு பேரு இதுக்கு முன்னாடி வந்தாங்க. நான் சொல்லச் சொல்லத் திருத்திட்டே இருந்தாங்க,” என்றார். அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

ஒல்லியான, உயரமான மனிதர். தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் பனையேறியின் மகனாகப் பிறந்து, ரோமாபுரி வரை போய்ப் படித்து, ஐந்து மொழிகள் பேசுவார். ஐந்திலும் ஒரு காபி போட்டுக்கொள்ளத் தெரியாது. மேற்றிராணியாராக இருந்தபோது, மறைமாவட்டத்து நிலங்களில் பாடுபட்டவர்களிடமே அந்த நிலங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் செய்யவும் ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாளில், உடல்நலம் கருதி அவர் ஓய்வு பெறுவதாக அறிவிப்பு வந்தது. யாருடைய உடல்நலம் என்று அறிவிப்பில் இல்லை. தினமும் காலையில் சஞ்சீவி மலை அடிவாரம் வரை நடந்துவிட்டு வருகிற மனிதர் அவர். எங்கே போய்த் தங்க விருப்பம் என்று கேட்டபோது, “காலையில சங்கு ஊதுற ஊரா இருந்தாப் போதும்,” என்றாராம். மில் சங்கைத்தான் சொன்னார். அப்படித்தான் ராஜபாளையம் மாதா கோவிலின் பொறுப்பில் இருந்த பங்குச்சாமியாரின் தலையில் அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பங்குச்சாமியார் பயந்த சுபாவம். சர்க்கரை வியாதி வேறு. ஆண்டவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார்.

எங்கள் வேலை முறை விசித்திரமானது. அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்லுவார். நான் அடிப்பேன். ஒரு பத்தி முடிந்ததும் நின்று, “புரிஞ்சுதா?” என்பார். புரியவில்லை என்றால், “அப்போ அதை எடுத்துரு,” என்பார். எனக்குப் பெரும்பாலும் புரியவில்லை. ஆகவே புத்தகம் நாளுக்கு நாள் வளர்வதற்குப் பதிலாக இளைத்துக்கொண்டே வந்தது. அவர் சொல்லி எனக்கு உடனே புரிந்தவை சில உண்டு. கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்பதை விளக்கும்போது, “கடவுளே வாரத்துக்கு ஒருநாள் லீவு போட்டிருக்காரு. நம்ம ஊரு மில்லுல இருந்திருந்தா அவருக்கும் சார்ஜ் மெமோ கொடுத்திருப்பாங்க,” என்றார். அதை அப்படியே அடித்துவிட்டேன். பங்குச்சாமியார் படித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். இன்னொரு சமயம் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க எங்கள் அப்பா அழைத்தார் என்று பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய்விட்டார். வேடிக்கை பார்த்தால் போதாதா? வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வடம் பிடித்து இழுத்திருக்கிறார். மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. “ஊரே இழுத்துட்டு இருந்துச்சு. நான் மட்டும் கையைக் கட்டிட்டு நின்னா மரியாதையா இருக்குமா?” என்பதுதான் அவருடைய விளக்கம். அன்றிலிருந்து அம்மா என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. மம்சாபுரத்திலிருந்து வருகிற ஒருவரின் கை மிஷினில் சிக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். அந்தப் பகுதி முழுக்க நின்றுபோனது. மம்சாபுரத்துக்காரருக்கு இரண்டு விரல் நுனி போனதோடு கை தப்பியது. அனுமதியில்லாமல் மிஷின்களை நிறுத்தி உற்பத்தியைக் கெடுத்தார் என்று மேனேஜர் குற்றப்பத்திரிகை எழுதி, விசாரணை என்று ஒன்றை நடத்தி, இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரைத் திரும்ப எடுக்கும்வரை வேலைக்குப் போகமாட்டோம் என்று மற்றவர்கள் மில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம் அத்தனை வீட்டு அடுப்பும் எங்களால் அணைந்து கிடக்கிறதே என்று இருந்தது. என் சம்பளத்தில் நாங்கள் ஓட்டினோம். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எதில் ஓட்டினார்கள் என்று கேட்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த நாட்களில்தான் செங்கோலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சும்மா உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்குக் கைக்கு ஒரு வேலையாவது இருக்கட்டும் என்றுதான். என் வீட்டுக்காரர் சாமி கும்பிடாதவர். யூனியனில் கிளைச் செயலாளர். செங்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மரை சுத்தமாப் போயிருச்சு. உள்ள ஒரு புஷ் போட்டாத்தான் நிக்கும்,” என்றார். தெரிந்த லேத் பட்டறையில் உட்கார்ந்து செய்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். அன்று முதல் இருவருக்கும் தினம் சண்டை. ஆண்டவரே என்று கூப்பிட இவருக்கு வாய் வரவில்லை. ஐயா என்பார். பொதுவுடைமை பேசிய ஜெர்மன் தாடிக்காரரின் எழுத்தை எல்லாம் ஆண்டவர் மூல மொழியிலேயே படித்திருந்தார். இவர் படித்ததெல்லாம் மாநாட்டில் விற்கிற சிறு பிரசுரங்கள். “உங்க தாடிக்காரர் அப்படிச் சொல்லலையே, தம்பி,” என்று ஆண்டவர் மெதுவாகச் சொல்லும்போது இவருக்கு முகம் சிவந்துவிடும். வீட்டுக்கு வந்து, “ஒரு பிஷப்பு எனக்குக் கம்யூனிசம் சொல்லித் தராரு. வெளிய சொன்னா மானம் போயிரும்,” என்று என்னிடம் பொருமுவார். மறுநாள் எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்பி நிற்பார்.

தை பிறந்தது. செபஸ்தியார் திருநாள் வந்தது. அம்பு பாய்ந்தும் விசுவாசத்தை விடாமல், பிறகு அதற்காகவே உயிர்விட்ட வேதசாட்சி அவர். வேதசாட்சிகளின் திருநாளென்றால் கத்தோலிக்கர்களுக்குச் சிவப்புதான். பூசை உடுப்பு சிவப்பு, கொடி சிவப்பு, சப்பரம் தூக்குகிறவர்கள் தலையில் கட்டுகிற துண்டும் சிவப்பு. இது இந்த ஊர்க் கோவிலில் காலங்காலமாக இருந்த வழக்கம். அந்த வருடம் பங்குச்சாமியாருக்கு இரண்டு கவலைகள். வேலைநிறுத்தத்தால் ஊரில் ஊர்வலத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். கோவில் திருவிழாவுக்குத் தடை இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டதால் முதல் கவலை தீர்ந்தது. சப்பரம் தூக்க ஆள் போதவில்லை என்பது இரண்டாவது. கோவில் இளைஞர்களில் பாதிப்பேர் பட்டாளத்திலும் போலீசிலும் சேர்ந்து போய்விட்டார்கள். “ஆளுக்கா பஞ்சம்? அதை என்கிட்ட விட்டுருங்க, ஃபாதர்,” என்றார் ஆண்டவர். பங்குச்சாமியார் நிம்மதியாக விட்டுவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர் அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடைந்திருக்கக் கூடாது.

மாலையில் சப்பரம் வெளியே வந்தபோது அதைத் தூக்கியிருந்தவர்கள் அத்தனை பேரும் மில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். சிவப்புத் துண்டு யாருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு ஒன்று கைவசம் வைத்திருந்தார்கள். முன்தண்டில் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் கையில் கட்டோடு மம்சாபுரத்துக்காரர். மெயின் ரோட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டருக்குக் கண்ணைக் கட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு. நடுவில் சிவப்பு உடுப்பில் ஆண்டவர். பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு, என்ன சாமி இது என்று கேட்டார். ஒன்றும் அறியாத பங்குச்சாமியார் முழு மனதோடு விளக்கினார். “வேதசாட்சி ரத்தம் சிந்தி உயிர் விட்டவர், சார். ஆதிகாலத்திலிருந்து திருச்சபை இந்த நாள்ல சிவப்புதான் உடுத்துது. இது எங்க கலர்.”

“அப்போ கொடி பிடிக்கிறாங்களே, அவங்க கலரு?”

“அவங்க எங்களைப் பார்த்து வச்சிருப்பாங்க, சார்.”

இன்ஸ்பெக்டர் வழிவிட்டார். சப்பரத்தின் முன்னால், கோவிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டு போனார். அவர் ஒவ்வொரு புனிதர் பெயராகச் சொல்லச் சொல்ல, கூட்டம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்ல வேண்டும். கோவில் பெண்கள் அதை இழுத்து, இரங்கிய குரலில் சொல்லுவார்கள். தண்டு பிடித்தவர்களுக்கு அந்த ராகம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ராகம்தான். ஒரு கை தண்டில் இருக்க, மறுகையை முஷ்டி மடக்கி உயர்த்தி, “வேண்டிக்கொள்ளும்!” என்று முழங்கினார்கள். நிர்வாகத்திடம் கோரிக்கை வைக்கிற குரல் அது. வேண்டிக்கொள்ளாவிட்டால் நடப்பதே வேறு என்பது போல் இருந்தது. உபதேசியார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

சப்பரம் போகிற வழியில் யார் வாசலில் கோலம் போட்டு விளக்கு வைத்திருக்கிறார்களோ அங்கே நின்று ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் வழக்கம். கோவில் வாசலில் பிறந்தவளுக்கு இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்? சப்பரம் வருவதற்குச் சற்று முன்னால் நான் மில்லின் பெரிய கேட்டுக்கு முன்னே தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, குத்துவிளக்கேற்றி, செபஸ்தியாருக்குப் படைக்கிற உப்பையும் மிளகையும் தட்டில் வைத்துவிட்டேன். “யம்மா, இது மில்லு வாசல்,” என்று வாட்ச்மேன் ஓடிவந்தார். “சாமி வருதுண்ணே. வேண்டாம்னா நீங்களே வந்து கோலத்தை அழிச்சுவிடுங்க,” என்றேன். அவர் பூட்ஸ் காலை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் இப்படிச் செய்யப் போகிறேன் என்று ஆண்டவருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

சப்பரம் நின்றது. மரக்கால்களில் இறக்கி வைத்தார்கள். மில் வளாகத்துக்குள்ளேயே முதலாளியின் பங்களா. மேளச் சத்தம் கேட்டு அவரும் மனைவியும் மாலையும் தேங்காயுமாக வெளியே வந்தார்கள். தெலுங்கு பேசுகிற குடும்பம். தெய்வ பக்தி உள்ளவர்கள். வாசலுக்கு வந்த சாமி எந்த மதத்துச் சாமியாக இருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருக்க அவர்களால் முடியாது. அவர்கள் வீட்டு வெள்ளை நாய்கூட, கட்டிய சங்கிலியோடு வந்து, சிவப்புக் கூட்டத்தைப் பார்த்துக் குரைக்காமல் நின்றது. ஆண்டவர் ஆசீர்வாதம் கொடுத்தார். மாலை சாத்தியாயிற்று. மேளம் மறுபடி ஆரம்பித்தது. தோள் கொடுத்தார்கள். சப்பரம் எழவில்லை.

இன்னொரு தடவை முக்கினார்கள். அசையவில்லை. என் வீட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்து, கண் மேலே செருகிக்கொண்டது. அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி உள்ளே வைக்கிற மனிதர். எனக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலை போட்டிருந்த ஒருவர் ஆர்வம் மிகுந்து, தண்டைப் பிடித்தபடி மயங்கியே விழுந்தார். “ஏலே, தூக்குங்கலே,” என்று பின்னாலிருந்து யாரோ கத்த, “ஏலலைலே, எம்புட்டு கனம் கனக்கு, வந்து பாரு,” என்றார் இவர். கோவில் பெண்கள் குலவையிட்டார்கள். பங்குச்சாமியார் நடுரோட்டில் முழங்காலில் விழுந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். முதலாளியின் மனைவி, “ஏவண்டி, சாமிக்கு ஏதோ குறை இருக்கு. போகமாட்டேங்குது,” என்று கணவரின் கையைப் பிடித்தார். முதலாளி ஆண்டவரிடம் வந்து கைகூப்பி, “சாமிக்கு என்ன வேணும்னு கேளுங்க,” என்றார்.

ஆண்டவரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. மூட நம்பிக்கையைப் பற்றிய அத்தியாயத்தை அந்த வாரம்தான் அடித்து முடித்திருந்தோம். இவர்கள் நடிக்கிறார்கள் என்று சொன்னால், பக்கத்தில் இன்ஸ்பெக்டர். அத்தனை பேரும் உள்ளே போவார்கள். செபஸ்தியார் கேட்கிறார் என்று சொன்னால் அது பொய். தெருவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. செங்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “செபஸ்தியாருக்கு ஒண்ணும் வேண்டாம், ஐயா. தூக்குறவங்களுக்குத்தான் வேணும்,” என்றார்.

முதலாளி முதன்முதலாகத் தண்டு பிடித்தவர்களின் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மம்சாபுரத்துக்காரரின் கைக்கட்டில் கண் நின்றது. பிறகு முன்தண்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம், “நாளைக்குக் காலையில ஷிப்டுக்கு வா. எல்லாரையும் கூட்டிட்டு வா,” என்றார். சப்பரம் பஞ்சுப் பொதி மாதிரி மேலே எழுந்தது. மயங்கி விழுந்தவர்தான் எல்லோருக்கும் முந்தி எழுந்து தண்டைப் பிடித்தார். அந்த இரவு எங்கள் வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிட்டார்கள்.

விடிந்தும் விடியாமலும் பங்களாச் சமையல்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். “ஆண்டவர் முதலாளி வீட்டுக்குப் போயிட்டு இருக்காவ. சப்பரம் கனக்கவே இல்ல, பயலுவ நடிச்சானுவன்னு சொல்லப் போறாவளாம். ராத்திரி பூரா தூங்கல. சாமி பேருல நடந்த பொய்யில ஒரு மனுசனை ஏமாத்த விடமாட்டேன்னு சொல்லுதாவ,” என்றார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போட வைத்திருந்த சட்டையைப் பொத்தான் மாட்டாமலே போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். எல்லாம் கைக்கு வந்த பிறகு ஒரு நல்லவரின் நல்ல மனசு அதைத் தட்டிவிடப் போகிறது. கெட்டவர் ஒருவர் செய்தால் திட்டவாவது செய்யலாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்டவர் சொல்லி முடித்திருந்தார். முதலாளி காபி தம்ளரைக் கீழே வைத்தார். எங்களையும் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

“தெரியும், சாமி. அந்தச் சப்பரத்துக்கு மரம் கொடுத்ததே எங்க அப்பாதான். அதோட கனம் எனக்குத் தெரியாதா? எங்கிட்ட பஞ்சு பேல் தூக்குற ஆளுக எம்புட்டு தூக்குவாங்கன்னும் தெரியும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யூனியனுக்குப் பணிஞ்சேன்னா மத்த மில்லுக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. மேனேஜர் எழுதுனத மாத்துனா மேனேஜர் போயிருவாரு. சாமிக்குப் பணிஞ்சா எவனும் ஒரு வார்த்தை பேச முடியாது. எந்தச் சாமியாவது வந்து வாசல்ல நிக்காதான்னு இத்தனை நாளும் பார்த்துட்டு இருந்தேன். நீங்க கொண்டுவந்து நிறுத்துனீங்க. இப்போ நீங்களே திரும்ப வந்து அதைக் கெடுக்கிறீங்களே, நியாயமா?”

ஆண்டவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். விட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டைத் தாண்டியதும் என் வீட்டுக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, “அப்போ நாங்க ஜெயிக்கல. அவரு பாத்துப் போட்ட பிச்சை. நான் போகமாட்டேன்,” என்றார்.

எனக்கு வந்த கோபம் அதுவரை வந்ததில்லை. நடுத்தெரு என்றும் பார்க்கவில்லை, ஆண்டவர் என்றும் பார்க்கவில்லை. “நல்லா இருக்கு நியாயம்! உங்களுக்குப் பொய் ஆகாது ஆண்டவரே, இவருக்குத் தயவு ஆகாது. உலை வைக்கிறவளுக்கு எது ஆகும்னு ரெண்டு பேருல ஒருத்தராச்சும் கேட்டீங்களா? ஒரு மனுசன் கையைக் காப்பாத்தப் போயித்தானே இந்த வேலை போச்சு? அது பொய்யா? அதைத் திருப்பிக் கொடுக்கிறது பிச்சையா? இவர் போகலைன்னா, இவருக்காக வாசல்ல கெடந்தாங்களே, அவங்க மட்டும் எந்த முகத்தோட உள்ள போவாங்க? போங்க, ரெண்டு பேரும் சேர்ந்து மானத்தைப் பொங்கிச் சாப்பிடுங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்,” என்று கத்திவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் அத்தனை கூட்டத்தைப் பார்த்தும் வாய் திறக்காத நாய், கேட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது.

அப்போது மில் சங்கு ஊதியது. தொழிலாளர் வாசல் மில்லின் பின்பக்கம், சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆண்டவர் என் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டார். “வாங்க தம்பி, நேரமாச்சு. நானும் அந்தப் பக்கம்தான் போகணும்,” என்றார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான். இருவரும் நடந்து போனார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். என் வீட்டுக்காரர் வாசலுக்குள் நுழைந்து, உள்ளேயிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறைகிறவரை ஆண்டவர் வெயிலில் நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, “அம்மா வீட்டுக்குப் போறது நிஜமா, தாயி? அத்தியாயம் பாதியில நிக்குது,” என்றார்.

அதற்குப் பிறகு ஆண்டவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவரவர் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. திருச்சபைக் கொடியின் கீழ் யூனியன்காரர்கள் வந்தது எப்படி என்று அங்கே. யூனியன்காரர்கள் சப்பரம் தூக்கியது எப்படி என்று இங்கே. இருவருடைய பதிலையும் ஒரே மேஜையில், ஒரே மிஷினில் நான்தான் அடித்தேன். ‘மக்களின் உணர்வுகளை மதிக்க வேண்டிய சூழ்நிலை ஏற்பட்டதால்’ என்று ஆண்டவர் சொன்ன வரி நன்றாக இருந்ததால், அதை என் வீட்டுக்காரரின் பதிலிலும் சேர்த்துவிட்டேன். இரண்டு மேலிடமும் ஏற்றுக்கொண்டன.

செபஸ்தியாரின் புகழ் மட்டும் ஓயவில்லை. தளவாய்புரத்திலிருந்தும் கான்சாபுரத்திலிருந்தும் உப்பும் மிளகும் கொண்டு வர ஆரம்பித்தார்கள். வருடா வருடம் சப்பரம் மில் வாசலில் நிற்பதும், தூக்குகிறவர்கள் ஒருமுறை முக்கித் தோற்பதும் சடங்காகவே ஆகிவிட்டது. ஆண்டவர் ஒவ்வொரு திருநாளிலும் பிரசங்கத்தில், அன்று அற்புதம் எதுவும் நடக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுவார். தன்னால் நடந்த அற்புதத்தையே மறுக்கிற அளவுக்குத் தாழ்மை என்று ஜனங்கள் உருகுவார்கள். என் வீட்டுக்காரருக்கு இதில் அவரைவிடச் சங்கடம். தொண்ணூறுகளின் நடுவில் ஆண்டவர் காலமானார். மறைமாவட்டத்துப் பெரிய கோவிலுக்குள் அடக்கம் செய்வதாகச் சொன்னார்கள். எல்லோரோடும் ராஜபாளையத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான் படுப்பேன் என்று அவர் முன்கூட்டியே பிடிவாதமாகச் சொல்லி வைத்திருந்தார். பங்குச்சாமியாருக்கு வேறு வழியில்லை. புத்தகமும் வெளிவந்தது. மெலிந்த புத்தகம்தான். எனக்கு முழுவதும் புரிகிறது.

என் வீட்டுக்காரர் அதே மில்லில், அதே பகுதியில், ஓய்வு வயது வரை வேலை பார்த்தார். கடைசி நாள் மாலை போட்டு, வெண்கல விளக்கு கொடுத்து அனுப்பினார்கள். அவரை அழைத்து வர நான் போயிருந்தேன். தொழிலாளர் வாசலிலிருந்து வெளியே வந்தவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மறுபக்கம் நடந்தார். கோவிலுக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர், கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் திறந்து உள்ளே போனார். கழுத்து மாலையைக் கழற்றி ஆண்டவர் கல்லறையின் மேல் வைத்தார். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, மேஸ்திரி முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்றார்.

“ஐயா, ஷிப்டு முடிஞ்சிருச்சு,” என்றார்.